குப்பை பொறுக்குவது பிறகு: தோட்டத்து ஓடையை மீட்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கோயில் திருவிழாவில் கரகம் பாலிக்க ஓடைக்கரைக்குப் போவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு, வேப்பிலையும் மஞ்சளும் எலுமிச்சையும் கரையில் பரப்பியாகிவிட்ட நேரத்தில், ஓர் இளைஞர் மோட்டார்சைக்கிளின் பின்னால் நீல டிரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். டிரம் நிறைய வீட்டுக் குழாய்த் தண்ணீர். ஓடை நீரில் செம்பைக் கழுவக்கூடப் பூசாரிக்கு மனம் வரவில்லை. எண்ணெய்ப் படலம் மிதக்க, அழுகிய முட்டை வாடையோடு கிடந்தது ஓடை. அம்மன் குழாய்த் தண்ணீரில்தான் எழுந்தருளினாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் மட்டும், "இதை வீட்டிலேயே செய்திருக்கலாமே, தம்பி" என்றார்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். நாட்டிலேயே வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட தோட்டம், 1917இல் தொடங்கியது, இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம். செம்பனைக்குப் பெயர்போன தோட்டத்துக்குத் தென்னையின் பெயர்! தித்திவங்சா மலைத்தொடரில் பிரேசர் மலைப் பக்கம் பிறக்கும் சிலாங்கூர் ஆறு, கோலகுபு பாரு வழியாக இறங்கி, எங்கள் ஊரைக் கடந்து கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றுத் தண்ணீர். அந்த நீல டிரம்மில் வந்ததும் அதுவேதான்.

நான் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நீரியல் படித்தவன் அல்லன். கோயில் குழு, சில பெற்றோர், பழைய மாணவர்கள் என்று கூடி, ஓர் ஓடையின் பின்னால் அலைந்ததில் கற்றதை எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறுகளில் முதலாவது, கையுறையும் குப்பைப் பையுமாகத் தொடங்கியது. நாற்பது பேர், நூறு பை குப்பை, நிறையப் படங்கள். அடுத்த மழைக்கு ஓடை பழைய கோலத்துக்கே திரும்பிவிட்டது. ஓடை கெடுவது ஓடையில் அன்று. அதற்கு மேலே இருக்கிற நிலத்தில். அந்த நிலத்தைத்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். ஆகவே கீழே வரும் வேலைகள் மேட்டிலிருந்து இறங்கி வருகின்றன. குப்பை கடைசிக்கு முந்திய இடத்தில்தான் வருகிறது.

முதல் வேலை: கைக்கு அடங்கும் ஓடையைத் தேர்ந்தெடுப்பது

"சிலாங்கூர் ஆற்றைக் காப்போம்" என்று பதாகை அடிப்பது எளிது. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆற்றை ஓர் ஊர்க்குழு காக்க முடியாது. காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குள் தலையிலிருந்து வால் வரை நடந்துவிடக்கூடிய ஓர் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு கிலோமீட்டர் போதும்.

சிறிய ஓடை அற்பமானது என்று எண்ண வேண்டாம். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றுக்குள் இறங்கியதும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியோடு லோரிக்காகக் காத்து நின்ற அந்த நாள்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பேர் தெரியாத ஓர் ஓடை அவ்வளவு செய்யும்.

இரண்டாவது: பாட்டிமாரோடு நடப்பது

இதற்குச் செலவு இல்லை; ஆனால் இதை விட்டுவிட்டால் மற்ற எதுவும் சரிவராது. நில அளவைத் துறையின் வரைபடமோ கைப்பேசியிலுள்ள செயற்கைக்கோள் படமோ ஓடையின் கோட்டைக் காட்டும். அது எப்படி இருந்தது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள்தான் சொல்வார்கள். லயங்கள் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, சிதறிப் போய்விட்டன. அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

நாங்கள் ஒரு சனிக்கிழமை காலை ஆறு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பால்மரம் (ரப்பர்) சீவிய ஒரு பாட்டி செம்பனை வரிசைக்குள் நின்று திசை தெரியாமல் திகைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று, காலால் மட்டையை விலக்கி, "இங்கேதான் துவைக்கிற கல்" என்றார். பாசி பிடித்த தட்டைக் கல் ஒன்று, பாதி மண்ணில் புதைந்து, ஓடையிலிருந்து எட்டடி தள்ளிக் கிடந்தது. கல் நகரவில்லை, ஓடை நகர்ந்திருந்தது. கரை அரித்து, மண் படிந்து, ஓட்டம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்த எட்டடிதான் எங்கள் முதல் அளவை.

பெரியவர்களிடம் கேட்க வேண்டியவை: எந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது? வறட்சியில் எந்த ஊற்று நிற்காமல் ஓடியது? விராலும் கெளுத்தியும் எங்கே பிடித்தீர்கள்? எந்த ஆண்டு வாக்கில் மீன் நின்றது? "ஆலை வந்த பிறகு", "மறுநடவு போட்ட வருடம்", "கடை வரிசை கட்டினபோது" என்று பதில் வரும். தேதியைவிட அந்தப் பதில்கள் பயன்படும், காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன அல்லவா?

நடந்து முடிந்ததும் பெரிய மணிலாத் தாளில் ஓடையை வரையுங்கள். வடிகால் வந்து சேரும் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எண் கொடுங்கள். எங்கள் நான்கு கிலோமீட்டரில் பத்தொன்பது வாய்கள் இருந்தன. நகராண்மைக் கழகத்துக்கு எழுதினாலும் தோட்ட நிர்வாகியிடம் பேசினாலும் "ஏழாம் எண் வாய்" என்று சொல்ல முடிவது பெரிய வசதி.

தோட்ட நிலம் தனியார் நிலம். கேட்டில் சொல்லாமல் நுழையாதீர்கள். நிர்வாகிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, முடிந்தால் தோட்டத்தின் பழைய கண்டக்டரையோ (வேலை மேற்பார்வையாளர்) கிராணியையோ (எழுத்தர்) கூட அழைத்துக்கொண்டு போங்கள். முகம் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது: ஒரு நோட்டுப் புத்தகம்

சுற்றுச்சூழல் துறை ஆறுகளின் தரத்தை ஆறு அளவுகளைக் கொண்டு கணக்கிடுகிறது: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், அம்மோனியா நைட்ரஜன், அமில காரத் தன்மை. இவற்றைச் சேர்த்து வரும் குறியீட்டில் 81 முதல் 100 வரை தூய்மை, 60 முதல் 80 வரை சற்றே மாசுபட்டது, அதற்குக் கீழே மாசுபட்டது. நாம் ஆய்வுக்கூடம் நடத்த வேண்டியதில்லை. ஆக்சிஜனுக்கும் அம்மோனியாவுக்கும் நிறமாற்றச் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலான மீன்கள் தாக்குப்பிடிக்கும்; 3க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். அம்மோனியா 0.9ஐத் தாண்டினால் தேசியத் தர வகையில் நான்காம் வகுப்புக்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் மலக்கழிவோ ஆலைக்கழிவோ உரமோ எங்கோ கலக்கிறது என்று பொருள்.

கலங்கலை அளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். ஒரு முனையை அடைத்து, அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வட்டம் ஒட்டுங்கள். ஓடை நீரை நிரப்பி மேலிருந்து பார்த்தபடி, அடியில் பொருத்திய சிறு குழாய் வழியாகத் தண்ணீரை விடுங்கள். வட்டம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இதை என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கல்லைப் புரட்டிப் பார்ப்பது. கணுக்கால் ஆழத்தில் ஓடும் நீரில் ஒரு கல்லை எடுத்து, அதன் அடிப்பகுதியை வெள்ளைத் தட்டில் கழுவுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் மணல்தான் தெரியும். பிறகு மணலில் ஒரு துகள் நடக்கத் தொடங்கும். வாலில் மூன்று நூல்களும், வயிற்றின் இருபுறமும் படபடக்கும் செவுள்களுமாக ஒரு குஞ்சுப் பூச்சி இருந்தால், நீர் இன்னும் நன்றாக மூச்சு விடுகிறது. மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்குக் கூடு கட்டிக்கொண்டு ஊர்ந்துபோகும் புழுவும் நல்ல அடையாளம். சிவந்த நூல் போல நெளியும் புழுக்கள் மட்டுமே குவிந்திருந்தால், ஆக்சிஜன் குறைந்துவிட்டது. சோதனைப் பெட்டி அந்த நிமிடத்தைச் சொல்லும். இந்தப் பூச்சிகள் வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் அங்கேயே இருந்தவை. ராத்திரியில் யாரோ திறந்துவிட்ட கழிவையும் அவை சொல்லிவிடும்.

எங்கள் வட்டாரத்துக்கான எச்சரிக்கை ஒன்று. ஊருக்கு வடக்கே ராஜா மூசா காட்டுப் பகுதி கரிச்சதுப்பு நிலம், அதாவது முழுதும் மக்காத இலைதழை படிந்து கிடக்கும் சதுப்பு. அங்கிருந்து வரும் வாய்க்கால் நீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகவும் புளிப்பாகவும் இருக்கும். அது இயற்கை. முதல் மாதமே "கறுப்புத் தண்ணீர்" என்று புகார் எழுதி நாங்கள் அசடு வழிந்தோம். கலங்கல் வேறு, சாயம் வேறு. கண்ணாடி டம்ளரில் அள்ளிப் பாருங்கள்: சாயமானால் நிறம் இருந்தாலும் ஊடே தெரியும்.

மாதம் ஒரு முறை, அதே மூன்று இடங்கள், அதே காலை எட்டு மணி. அதற்கு முந்தைய இரண்டு நாளில் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். ஆறு மாதம் தவறாமல் எழுதிய நோட்டுக்கு அதிகாரிகள் கொடுக்கும் மரியாதையே வேறு.

நான்காவது: யார் பெயரில் செய்வது

சங்கமாகப் பதிய விரும்பினால் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். விதிமுறை, கணக்கு, ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லாம் பின்னாலேயே வரும். நாங்கள் அவசரப்படவில்லை. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒரு துணைக்குழுவாகவே இரண்டாண்டு ஓட்டினோம். ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கத்தார் குழுவின் கீழும் செய்யலாம். பதிவு வேண்டியது பணம் வாங்கும்போதுதான்.

யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பது தெரியாமல் அலைவதில்தான் பலர் சலித்துப் போகிறார்கள். ஆற்றுக் கரையும் ஓட்டமும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. மாசு சுற்றுச்சூழல் துறைக்குரியது. சிலாங்கூரில் நீர்வளத்துக்கென்று தனியாக லுவாஸ் என்னும் வாரியம் இருக்கிறது. கடைகள், சாக்கடை, குப்பை எல்லாம் ஊராட்சி மன்றத்தின் கையில். நிலமும் நீரும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புவது நல்லது. வடிகால் நீர்ப்பாசனத் துறை 2005இல் தொடங்கிய "ஒரு மாநிலம் ஓர் ஆறு" திட்டம் போன்றவற்றின் வழியாக ஊர்க்குழுக்களோடு பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆற்றுப் பராமரிப்பில் நெடுங்காலமாக ஊர்களோடு வேலை செய்யும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் போன்ற அமைப்புகளிடம் பயிற்சி கேளுங்கள்.

ஓர் அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பிய முதல் மூன்று கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. நான்காவது கடிதத்தை மலாயில், ஒரே பக்கத்தில், இரண்டு படமும் வரைபடத்து எண்ணும் வைத்து எழுதினோம். பத்து நாளில் ஆள் வந்தார். முதல் மூன்றும் நான்கு பக்கக் கட்டுரைகள், எழுதியவன் நான்தான்.

ஐந்தாவது: தோட்ட நிர்வாகத்திடம் என்ன கேட்பது

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். "ஆற்றைக் கெடுக்காதீர்கள்" என்று கேட்டால் "நாங்கள் கெடுக்கவில்லை" என்று பதில் வரும், பேச்சு முடிந்தது. அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும்.

கரைப்பட்டை கேளுங்கள், அதாவது ஓடைக்கரையை ஒட்டிப் பயிர் நடாமல் ஒதுக்கிவிடும் நிலம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டுதலில் ஐந்து மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்குக் கரையின் ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டர், ஐந்து முதல் பத்து மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர், பத்து முதல் இருபது மீட்டருக்கு 20 மீட்டர் ஒதுக்கப்பட வேண்டும். ஆற்றை ஒட்டி நட்ட பழைய செம்பனையை உடனே வெட்டச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். "மறுநடவு எப்போது?" என்று மட்டும் கேளுங்கள். செம்பனை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவுக்கு வரும். அந்தச் சமயத்தில் கரைப்பட்டையில் மீண்டும் நடாமல் விட்டுவிடச் செய்வதுதான் ஊருக்குக் கிடைக்கிற பெரிய வெற்றி. தவறவிட்டால் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். மறுநடவின்போது நிலம் மொட்டையாகக் கிடக்கும் மாதங்களில்தான் ஓடைக்கு அதிக மண் இறங்குகிறது. மூடுபயிர் எப்போது விதைப்பார்கள், மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவார்களா, வண்டல் குழிகள் எங்கே என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

மருந்தடிப்பு அடுத்தது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை. மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன. முதுகில் பம்பு சுமந்த பெண்களிடம் பேசினால் உண்மையான விவரம் கிடைக்கும். பம்பைக் கழுவுவது எங்கே? பெரும்பாலும் ஓடையில். தண்ணீர் அங்கேதானே இருக்கிறது! தோட்டத்துக்குள் ஒரு கழுவும் மேடையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டினாலே இது தீரும். இன்று தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அறிவிப்பைத் தமிழில் மட்டும் ஒட்டிவிட்டு "யாரும் கேட்பதில்லை" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆலை இருந்தால் அதன் கழிவுநீர்க் குளங்களைப் பற்றிக் கேளுங்கள். ஒரு டன் செம்பனை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வரும். சுத்திகரிக்காத கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். நீர்நிலையில் விடும்போது 100ஐத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அந்த 25,000ஐக் குறைக்கும் வேலையைக் குளங்கள் செய்கின்றன. வண்டல் நிரம்பி ஆழம் குறைந்த குளம், கனமழை நாளில் வழிந்துவிடும். ஆகவே "கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள்?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. 2020 முதல் நாட்டின் எல்லாச் செம்பனைத் தோட்டங்களுக்கும் எம்எஸ்பிஓ என்னும் மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயம். அதன்படி ஊராரின் புகாரைப் பதிவு செய்து பதில் தரும் நடைமுறை ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.

எல்லா நிர்வாகிகளும் எதிரிகள் அல்லர். எங்களோடு பேசிய ஒருவர், முதல் சந்திப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் சந்திப்பில் தன் தோட்டத்து வண்டல் குழிகளைக் காட்ட எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆறாவது: கடை வரிசையும் நம் வீட்டுச் சமையலறையும்

தோட்டத்தைக் குறை சொல்வது நமக்கு இனிக்கும். எங்கள் பத்தொன்பது வாய்களில் மிக மோசமானது பதினொன்றாம் எண். அது கடை வரிசையின் பின்புறச் சாக்கடை. நண்பகலில் அங்கே போய் நின்றால் எந்தக் கடையில் என்ன கறி என்று வாசனையாலேயே சொல்லிவிடலாம். மீன் பொரித்த எண்ணெய், சாதம் வடித்த கஞ்சி, பாத்திரச் சோப்பு எல்லாம் கலந்து, சாக்கடை விளிம்பில் வெள்ளைக் கொழுப்பு மெழுகு போல உறைந்திருந்தது.

உணவுக் கடைகளில் கிரீஸ் டிராப், அதாவது எண்ணெயும் கொழுப்பும் சாக்கடைக்குப் போகாமல் பிடித்து நிறுத்தும் பெட்டி, இருக்க வேண்டும். இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வாரம் ஒருமுறை சுத்தம் செய்யாத டிராப், இல்லாததற்குச் சமம். பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் விலைக்கு வாங்க ஆள்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் வந்து எடுக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டால், நல்லுரை சொல்லாமலே காரியம் நடக்கும். பட்டறைகளின் பழைய என்ஜின் எண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. அதைச் சாக்கடையில் விடுவது சட்டப்படி குற்றம்.

வீடுகளுக்கு வருவோம். பழைய தாமான்களிலும் லயங்களிலும் கழிப்பறை நீர் மட்டுமே தொட்டிக்குப் போகிறது. சமையலறை நீரும் துணி துவைத்த நீரும் நேராக வீட்டு முன் சாக்கடையில், அங்கிருந்து ஓடையில். பலருக்கு இது தெரியாது. எல்லாம் "எங்கோ" போகிறது என்று நினைக்கிறார்கள். நீலப்பொடியைச் சமையலறைத் தொட்டியில் கரைத்து ஊற்றிவிட்டு, பிள்ளைகளைச் சாக்கடை வாயில் நிற்க வைத்தோம். ஏழு நிமிடத்தில் நீலம் வந்தது. எந்தச் சொற்பொழிவும் அந்த ஏழு நிமிடத்துக்கு ஈடாகாது. மலக்கழிவுத் தொட்டி இருக்கும் வீடுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதைத் தூர் வார வேண்டும். நிரம்பி வழிகிற தொட்டிதான் அம்மோனியா அளவில் போய்த் தெரிகிறது.

கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசைப் பொருள்களைச் சுற்றிய பிளாஸ்டிக், சாயம் பூசிய சிலைகள், கற்பூரத் தட்டுகள் எல்லாம் ஓடைக்குப் போவது நம் பழக்கம். நாங்கள் கரைக்கு மேலே ஒரு சிமென்ட் தொட்டி கட்டி, பூ, இலை, எலுமிச்சையை அங்கே மக்கவைத்தோம். குழுவில் ஒரு மாதம் சண்டை. ஓடைக்குள் போட்டால்தான் சாமிக்குப் போய்ச் சேரும் என்றார் ஒரு பெரியவர். அவரைச் சமாதானப்படுத்தியது நாங்கள் அல்லர், பூசாரிதான்: "சாமி ஓடைக்கரையில் இருக்கிறார், ஐயா. குப்பையையும் அவர் முகத்திலா போடுவது?"

ஏழாவது: கரையில் நடுவது

எங்கள் முதல் நடவில் இருநூறு கன்றுகள். ஓராண்டில் மிஞ்சியவை முப்பத்தொன்று. பாதியைப் புல்வெட்ட வந்தவர் வெட்டித் தள்ளினார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. மீதியை வெள்ளம் கொண்டுபோனது, கரையின் அடியில் நட்டிருந்தோம்.

இப்போது இப்படிச் செய்கிறோம். நாட்டின் மேற்குக் கடற்கரைப் பக்கத்தில் மழை அதிகம் பெய்வது ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் ஆகிய மாதங்களில். செப்டம்பர் கடைசியில் நடுகிறோம். வேர் பிடிக்க மழை உதவும், கரையின் மேல்பகுதியில் இருப்பதால் வெள்ளம் தொடாது. அரிப்புக் கரையின் அடியில் மரம் நடுவதில்லை. அங்கே வெட்டிவேர், பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக. நம் பாட்டிமார் தண்ணீர்ப் பானையில் போட்ட அதே வேர்; உலகம் முழுவதும் அதைத் தமிழ்ப் பெயரிலேயே வெட்டிவர் என்கிறார்கள். வேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் இறங்கிக் கரையைப் பிடித்துக்கொள்ளும். வெயில் வேண்டும், செம்பனை நிழலில் தேறாது.

மேலே மரங்கள். முதலில் வேகமாக வளரும் மகாங். அதன் நிழலில் நாவல் இனத்து கெலாட், நம் அசோகின் உறவான காப்பிஸ், ஏழிலைப்பாலையின் இனமான பூலாய், கரையோரத்தில் ஊதாப் பூப்பூக்கும் பூமருது. நீர் தேங்கும் தாழ்விடங்களில் தாழை இனத்து ராசாவ். ஒரே இனத்தை வரிசையாக நட்டு விளம்பரப் பலகை வைக்காதீர்கள். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு வண்ணம் பூசிய மூங்கில் குச்சி ஒன்று நடுங்கள். புல்வெட்டுபவருக்குத் தெரிய வேண்டும். அவரோடு டீ குடித்துப் பேசிவிடுவது இன்னும் நல்லது. முதல் ஆண்டில் கொடி அகற்ற மாதம் ஒருமுறை வர ஆள் இல்லையென்றால் ஐம்பது கன்றுக்கு மேல் நடாதீர்கள்.

உங்கள் ஓடை கரிச்சதுப்பு நிலத்திலிருந்து வருகிறதா? அங்கே முதலில் நிறுத்த வேண்டியது தண்ணீரை. பழைய வடிகால்களால் காய்ந்த கரிமண் எளிதில் தீப்பிடிக்கும், நிலத்துக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். ராஜா மூசாவில் 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டரும் ஊராரோடு சேர்ந்து வடிகால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, பிறகு மரம் நட்டு வருகின்றன. காட்டிலாகாவின் அனுமதியில்லாமல் நீங்களாக எந்த வாய்க்காலையும் அடைக்காதீர்கள்.

மீன் விடுவதில் ஆசை எல்லாருக்கும் உண்டு. திலாப்பியாவையோ ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ கொண்டுவந்து விட வேண்டாம். ஏற்கெனவே ஈக்கான் பண்டாராயா என்னும் கவச மீன் கரையைக் குடைந்து குழி தோண்டிக்கொண்டிருக்கிறது. மீன்தொட்டியில் அலுத்துப்போய் யாரோ விட்டது. நீர் சரியானால் ஆற்றிலிருந்து மீன் தானே ஏறி வரும்.

எட்டாவது: இப்போது குப்பை

மேலே சொன்னவை நடந்துகொண்டிருக்கும்போது ஊர் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் துப்புரவு வைத்தால், பொறுக்கிய குப்பை திரும்பி வருவது குறையும். பொறுக்கியதை எடை போடுவதோடு வகைப்படுத்துங்கள். எங்களுக்கு அதிகம் கிடைத்தது தண்ணீர் பாட்டில் அன்று. உணவுக் கடைகளின் சிவப்புக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைகள். அதனால் கடைக்காரர்களிடம் பேச வேண்டியது தெளிவாயிற்று. வடிகால் வாயில் மிதவைத் தடுப்பு கட்டலாம்; வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அள்ள ஆள் இருந்தால் மட்டும்.

மண்ணுருண்டை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நுண்ணுயிர் கலந்த மண்ணை உருட்டி ஆற்றில் எறிவது. பினாங்கில் 2009இல் லட்சக்கணக்கில் எறிந்தார்கள். பிள்ளைகளுக்கு உருட்டவும் எறியவும் மகிழ்ச்சிதான். எனக்கு நம்பிக்கை இல்லை. பதினொன்றாம் எண் வாயிலிருந்து எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை எத்தனை உருண்டை எறிந்தாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வரை பூட்ஸும் தடித்த கையுறையும் இல்லாதவர் தண்ணீரில் இறங்கக்கூடாது. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஓடையிலும் சாக்கடையிலும் உண்டு. ஆற்றில் இறங்கிய சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் "ஆற்றில் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். மேலே மலையில் மழை இருட்டிக்கொண்டால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் கரையேறிவிடுங்கள். மட்டைக் குவியல்களுக்குள் கையை நுழைக்காதீர்கள். நாகம் அங்கேதான் படுத்திருக்கும்.

ஒன்பதாவது: ஒரு நாள் காலையில் மீன் செத்து மிதந்தால்

நல்ல குழுவுக்கும் இது வரும். பதறாமல் செய்யுங்கள். முதலில் நேரத்தைக் குறியுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்போடு படம் எடுங்கள்: நிறம், நுரை, செத்த மீன், பக்கத்தில் ஓர் அடையாளம். பிறகு மேல்நோக்கி நடந்து, நல்ல நீரும் கெட்ட நீரும் சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்; பத்தொன்பது எண்கள் இங்கேதான் கைகொடுக்கும். உடனே சுற்றுச்சூழல் துறைக்கும் லுவாஸுக்கும் தெரிவியுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நீங்களாக பாட்டிலில் பிடித்த நீர் வழக்குக்கு ஆதாரமாக நிற்பது கடினம். அதிகாரி வந்து முறைப்படி எடுத்ததே நிற்கும். அதனால்தான் நேரம் முக்கியம்: மதியத்துக்குள் ஓடை தன் குற்றவாளியைக் கழுவிவிடும். எந்த ஆலையின், கடையின் பெயரையும் முகநூலில் எழுதாதீர்கள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, சில குற்றங்களுக்கு அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. அந்தச் சட்டம் வேலை செய்ய நம் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும்.

எங்கள் ஓடை போய்ச் சேரும் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாகக் கண்சிமிட்டுவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அவற்றின் குஞ்சுகள் கரைமண்ணில் நத்தை தின்று வளர்பவை. எங்கள் மாணவர்களைப் படகில் அங்கே கூட்டிக்கொண்டு போனோம். ஒரு சிறுவன் படகோட்டியிடம், "இந்தத் தண்ணீரில் எங்கள் ஓடையும் இருக்கிறது" என்றான். படகோட்டிக்கு அது பெரிதாகப் படவில்லை.

நோட்டுப் புத்தகம் இப்போது மூன்றாவது. சென்ற மாதப் பக்கத்தில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கையெழுத்தில் இருப்பது: "இடம் 2. மழை இல்லை. குழாயில் 41 செ.மீ. ஆக்சிஜன் 5. மூன்று வால் பூச்சி 2. வாய் 11: இன்னும் நாறுகிறது."